பேராசிரியர் சொன்னா சரியா இருக்குமா?

விக்கிபீடியாவில் 'எஸ்ஜே' என்ற புனைபெயரில் ஒருத்தர் எழுதினார். இறையியலில் முனைவர், பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டார். கத்தோலிக்க மதம் பற்றிய ஒரு கட்டுரையில் சண்டை வந்தப்போ அவர் காட்டின ஆதாரம் 'கத்தோலிசிசம் ஃபார் டம்மீஸ்'. ஆமாங்க, அதே மஞ்சள் அட்டை டம்மீஸ் வரிசைதான்! மாணவர்களுக்கே அதைத்தான் பரிந்துரைக்கிறேன்னு வேற சொன்னார். பேராசிரியரே சொல்றாரே, யார் எதிர்த்துப் பேசுவாங்க?

2006 ஜூலையில் நியூயார்க்கர் இதழும் அவரைப் பேராசிரியர்னே எழுதிச்சு. அடுத்த வருஷம் குட்டு உடைஞ்சது. வயசு 24, முனைவர் பட்டமே கிடையாது. அதுக்குள்ள அவர் மத்தவங்க சண்டையைத் தீர்த்துவைக்கிற நடுவர் குழுவுக்கே போயிருந்தார்.

நிறுவனர் ஜிம்மி வேல்ஸ் முதலில், இதுவும் ஒரு புனைபெயர் மாதிரிதானேன்னு விட்டுட்டார். இல்லாத பட்டத்தை வாதங்களில் பயன்படுத்தினது தெரிஞ்சதும் விலகச் சொன்னார். 2007 மார்ச்சில் எஸ்ஜே வெளியேறினார்.

இனிமே பட்டங்களைச் சரிபார்க்கலாம்னு வேல்ஸ் யோசனை சொன்னார். எடிட்டர்கள் ஏத்துக்கலை. எனக்கு அவங்க பக்கம்தான் நியாயம்னு படுது. அவர் நிஜப் பேராசிரியராவே இருந்திருந்தாலும், அந்தப் புத்தகம் அதே டம்மீஸ்தானே?