குதிரைக்குப் பாடம் சொன்ன கட்டைகள்

வீணையில் தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு கட்டைக்கு நாம் குதிரை என்று பெயர் வைத்திருக்கிறோம். இத்தாலிக்காரர்களுக்கும் இதே புத்திதான். தச்சர் மரம் அறுக்கும் தாங்கிக்கும், ஓவியர் படம் வைக்கும் தாங்கிக்கும் அவர்கள் மொழியில் ‘கவலெட்டோ’, அதாவது குட்டிக் குதிரை. பன்மையில் ‘கவலெட்டி’. குதிரைப் பயிற்சிக் களத்தில் இந்தச் சொல்லுக்கு, தரையிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் வரிசையாகக் கிடத்திய கம்புகள் என்று பொருள். குதிரை அவற்றின் மேல் காலைத் தூக்கி வைத்து நடந்து போகும். பார்த்தால் விளையாட்டுப் போல இருக்கும். ஆனால் இதற்குப் பின்னால் பெரிய சண்டை ஒன்று உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை, ஐரோப்பாவில் குதிரை தடை தாண்டும்போது ஏறியிருப்பவர் பின்பக்கம் சாய்ந்துகொள்வார். முன்கால்களில் பாரம் விழாது என்பது நம்பிக்கை. நடந்ததோ வேறு. சாய்ந்தவர் விழாமலிருக்கக் கடிவாளத்தைப் பிடித்து இழுப்பார். இரும்பு குதிரையின் வாயைக் கிழிக்கும். தரையில் இறங்கும்போது ஆளின் முழுப் பாரமும் அதன் இடுப்பில் இடிக்கும். குதிரை தாண்ட மறுத்தால் முரட்டுக் குதிரை என்று பெயர் சூட்டி அடி விழும்.

இதை மாற்றியவர் பெதெரிகோ காப்ரில்லி. 1868-இல் லிவோர்னோவில் பிறந்தவர், இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி. குதிரை தன் போக்கில் தாண்டும்போது கழுத்தை நீட்டுகிறது, முதுகை வளைக்கிறது. அந்தக் கழுத்தை இழுத்துப் பிடிப்பதும் முதுகில் அமுக்கி உட்கார்வதும்தான் கெடுதல் என்று கண்டார். அங்கவடியைக் குட்டையாக்கி, சேணத்திலிருந்து சற்று எழும்பி, முன்பக்கம் சாய்ந்து, கையைக் குதிரையின் வாயோடு கூடவே போகவிடச் சொன்னார். 1902-இல் டூரினில் மெலோபோ என்ற குதிரையில் 2.08 மீட்டர் உயரம் தாண்டிக் காட்டினார். பினெரோலோவிலும், ரோமுக்கு அருகில் தோர் தி குவிந்தோவிலும் இருந்த குதிரைப்படைப் பள்ளிகளுக்குப் பல நாட்டு அதிகாரிகள் இந்த முறையைக் கற்க வந்தார்கள். 1907-இல், 39 வயதில், டூரினில் குதிரையிலிருந்து விழுந்து காப்ரில்லி இறந்தார். அவர் எழுதி வைத்தது கொஞ்சம்தான். மாணவர்கள்தான் அவருடைய முறையை உலகெங்கும் கொண்டுபோனார்கள்.

கம்புப் பயிற்சியையும் அந்த இத்தாலியப் பள்ளியின் கொடை என்றே சொல்வார்கள். அதன் நியாயம் எளிது. குதிரைக்குக் கால் வைக்கத் தெரியும். மனிதன் இடைவெளியை மட்டும் சரியாக அமைத்துவிட்டு, கையைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். நடைக்குக் கம்புக்குக் கம்பு சுமார் 80 செ.மீ., துள்ளுநடைக்கு 1.30 மீட்டர், மென்பாய்ச்சலுக்கு 3 மீட்டருக்குச் சற்றுக் கூட. குட்டையான குதிரைக்குக் குறைத்து வைக்கலாம். குதிரை தானாகத் தலையைத் தாழ்த்திக் கம்பைப் பார்க்கும், முழங்காலை உயர்த்தும், முதுகு வலுப்படும். சவுக்கடியே தேவையில்லை.

ஜெர்மனியின் ரைனர் கிளிம்கே வழக்கறிஞர். ஒலிம்பிக்கில் 6 தங்கம் வென்ற குதிரை வீரர். இந்தக் கட்டைகளைப் பற்றியே ஒரு தனிப் புத்தகம் எழுதினார். தாண்டுகிற குதிரைக்கு மட்டுமல்ல, எல்லாக் குதிரைக்கும் இது உதவும் என்பது அவர் கட்சி.

நான் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பேத்தி குதிரையேற்றம் கற்ற இடத்தில் உருண்டைக் கம்புகளை அப்படியே தரையில் போட்டிருந்தார்கள். ஒரு நாள் குதிரை மிதித்ததும் கம்பு உருண்டு, அது முன்கால் மடிந்து விழப் பார்த்தது. நல்லவேளை, இரண்டு பேருக்கும் அடியில்லை. மறு வாரம் ஆறு கட்டைகள் செய்து கொடுத்தேன்.

செய்முறை எளிது. 3 மீட்டர் நீளம், 10 செ.மீ. கனத்தில் சவுக்குக் கம்பு. பட்டையை உரித்து, கணுக்களை இழைத்துவிட வேண்டும். இரு நுனியிலும் தாங்கி. 75 செ.மீ. நீளமுள்ள மூன்றுக்கு இரண்டு அங்குலக் கட்டைகள் இரண்டை, நடுவில் பாதி பாதி வெட்டிப் பெருக்கல் குறி போலப் பொருத்த வேண்டும். அதன் ஒரு கவட்டில் கம்பை வைத்து போல்ட் போட்டு முடுக்கி, போல்ட்டின் தலையை மரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். இப்போது கட்டையைப் புரட்டிப் புரட்டி வைத்தால் சுமார் 20, 30, 45 செ.மீ. என மூன்று உயரம் கிடைக்கும். கம்பும் உருளாது. தாங்கியின் முனைகளை மழுங்கச் சீவுவது அவசியம், கூராக நின்றால் காலைக் கிழிக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி உயரமாக்கவே கூடாது. சரிந்தால் குதிரையின் கால் அந்தக் கவட்டில் மாட்டிக்கொள்ளும். இந்தக் காரணத்தால்தான் இப்போது பல இடங்களில் பிளாஸ்டிக் தாங்கிகளுக்கு மாறிவிட்டார்கள்.

டாங்கிகள் வந்தபின் போர்க்களத்தில் குதிரைக்கு வேலை இல்லாமல் போனது. அதற்காக உருவான பயிற்சி மட்டும் நிலைத்துவிட்டது. அடித்துப் பணிய வைப்பதைவிட, வழியைச் சரியாக அமைத்துக் கொடுத்து ஒதுங்கி நிற்பது மேல் என்று ஒரு படை அதிகாரி கண்டு சொன்னார். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.