மலையேறி வந்த ஆலை

வத்தேகமவைக் கடந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1880ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கோப்பித் தோட்டத் துரைமார் விரும்பிக் கேட்ட பாதை அது. ஆனால், அது வந்து சேர்ந்தபொழுது ஏற்றிச் செல்வதற்குக் கோப்பி அருகிக்கொண்டிருந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய், தோட்டந்தோட்டமாகப் பரவி மலைநாட்டுக் கோப்பியை நிலைகுலையச் செய்திருந்தது. புதிய தண்டவாளத்தின் மீது பின்னாளில் ஏறிச்சென்றவை தேயிலைப் பெட்டிகளே.

ஒரு பயிர் போய் மற்றொரு பயிர் வந்த கதையாகவே பலரும் இதனைக் கூறி முடித்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அன்று மாறியது பயிர் மட்டுமன்று. உற்பத்தி முறையே மாறியது.

கோப்பி பொறுமையான பண்டம். பழத்தின் தோலைத் தோட்டத்திலே நீக்கிக் கொட்டையை உலர்த்திவிட்டால், எஞ்சிய வேலை கொழும்பு ஆலைகளில் ஆறுதலாக நடைபெறும். தோட்டத்தில் பெருந்தொகையான ஆட்கள் வேண்டப்பட்டது பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே. அம்மாதங்களை நோக்கித் தமிழகத்துக் கிராமத்து உழவர் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே மடிந்தோர் பலர். பிழைத்தோர் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினர். சிலர் தங்கினர் என்பது உண்மையே. ஆயினும் பெரும்பாலோர் பருவத்துக்கு வந்து போவோராகவே இருந்தனர்.

கொழுந்தோ காத்திராது. இன்று கிள்ளிய கொழுந்தை இரவோடு இரவாக வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, அனலில் உலர்த்தியாகவேண்டும். தவறினால் அத்தனையும் பாழ். ஆகவே தேயிலைக்குரிய ஆலையைக் கொழும்பிலோ கண்டி நகரிலோ அமைத்துவிட முடியாது. செடியின் அருகிலேயே அமைத்தாகவேண்டும். கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டை மலையிலுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தொடக்கத்தில் அவருடைய வீட்டுத் தாழ்வாரமே ஆலை; மேசை மீது கையால் உருட்டிய கொழுந்து, கரி அடுப்பின் மேல் உலர்ந்தது. (டெய்லரின் பெயரை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். உருட்டிய கைகளுக்குப் பெயரில்லை.) 1872இல் அங்கே தனி ஆலையும் உருட்டும் பொறியும் வந்தன. கோப்பித் தோல் நீக்கும் பொறிகளைச் செய்துவந்த கண்டி ஜோன் வாக்கர் கம்பெனி தேயிலைப் பொறிகளின் பக்கம் திரும்பியது. பெல்பாஸ்ட் நகரிலிருந்து டேவிட்சனின் ‘சிரொக்கோ’ உலர்த்திகள் வந்தன. 1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை, நூற்றாண்டு முடிவதற்குள் மூன்று லட்சம் ஏக்கரைக் கடந்தது.

இங்கிலாந்தின் லங்காஷயரில் ஆலை, கிராமத்து மக்களை நகரத்துக்கு இழுத்து ஒரே கூரையின் கீழ் நிறுத்தியது. அந்நெருக்கத்திலிருந்தே தொழிற்சங்கமும் பிறந்தது. நம் மலையில் நடந்தது வேறு. ஆலைக்குள் நின்றோர் சிறுதொகையினர். வெளியே மலையில் நின்றோர் பல மடங்கினர். ஆனால் வெளியே நின்றோரையும் ஆண்டது உள்ளிருந்த பொறியே. அதற்கு அன்றாடம் கொழுந்து வேண்டும். எனவே விடியுமுன் தப்பு முழங்கிற்று. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்பட்டது. கிள்ளிய செடியை ஏழெட்டு நாளில் மீண்டும் கிள்ளவேண்டியதாயிற்று. நிறை குறைந்தால் அரைப்பேர். கோப்பிக் காலத்தில் ஆண்டின் ஒரு பகுதியாக இருந்த வேலை, ஆண்டு முழுவதும் ஓயாத வேலையாயிற்று. உருட்டும் பொறியை ஒருநாளும் தொட்டறியாத பெண், பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அப்பொறியின் வேகத்துக்கே விரல்களை ஓட்டினாள். ஆலையின் சுவரோடு ஆலைத்தொழில் முடிந்துவிடுவதாக எண்ணுவோர் அவளை விவசாயக் கூலி என்பர். நாம் அவளை ஆலைத் தொழிலாளி என்போம். ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் அவளுக்குக் கிடைத்தது 1984இலேதான்.

லங்காஷயர்த் தொழிலாளியும் வேலைக்கிடையே பருகியது தேநீரே. நூல் ஆலையில் நின்றவனும் மலையில் நின்றவளும் ஒருவரையொருவர் அறியார்.

ஓயாத வேலைக்கு வந்து போகும் ஆள் உதவான். குடும்பத்தோடு மலையிலேயே தங்கும் ஆள் வேண்டும். பெண்கள் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர், லயங்கள் நீண்டன, அங்கே பிறந்த பிள்ளை அதே மலையில் கொழுந்தெடுத்தது. 1921இல் ஒழிக்கப்படும் வரை, கடனைக் காட்டி ஆளைக் கைமாற்றிய ‘துண்டு’ முறையும் அவர்களைப் பிணித்து வைத்திருந்தது. நகரம் இன்றித் தோட்டந்தோட்டமாகப் பிரிந்து கிடந்தமையால் சங்கம் தாமதித்தே வந்தது. 1931இல் நடேசையர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் கண்டார். 1940 ஜனவரியில், டெய்லர் தேயிலை நட்ட அதே ஹேவாஹெட்டை மலையில், முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார்.

ஆக, கோப்பி வரவழைத்த விருந்தாளியைத் தேயிலை ஆலை குடிமகனாக்கிவிட்டது. அவனது உழைப்பின் இயல்பே அவனை இம்மண்ணோடு கட்டியது. இதனை அறிய மறுத்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். தகப்பனோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்குமாறு அது கேட்டது. லயத்து அறையில் பிறந்த எத்தனை பேரிடம் அதற்கான பத்திரம் இருந்திருக்கும்? கோப்பிக் காலத்துக் கண்கொண்டு தேயிலைக் காலத்து மக்களைப் பார்த்த சட்டம் அது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவின் கணக்கிலும் 300,000 பேரை இலங்கையின் கணக்கிலும் எழுதியது. எஞ்சிய 150,000 பேரின் கதி பத்தாண்டு தள்ளிப்போடப்பட்டது. தோட்டத்து முதியவர் பலர் ‘ஊருக்குப் போன’ உறவினரைப் பற்றிப் பேசுகையில், அந்த ஊரைத் தாம் ஒருநாளும் கண்டதில்லை என்பதையும் சேர்த்தே சொல்வர்.

ஹந்தானையில் 1925இல் எழுந்த நான்கு மாடித் தேயிலை ஆலை, 2001 முதல் அரும்பொருட்காட்சிச் சாலையாக விளங்குகிறது. பழைய உருட்டும் பொறிகள் அங்கே துடைத்துப் பேணப்படுகின்றன. அப்பொறிகளுக்குக் கொழுந்து சுமந்தோரின் வழிவந்தவர்களில் நாடற்றவராய் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம், அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2003இல் நிறைவேறியது.