பொய்க் கவறும் பொய்ப் பந்தயமும்



சூதாட்டத்தில் வஞ்சனை இரு வகைப்படும். ஒன்று, ஆட்டத்தின் விதியை மீறிச் செய்வது. கவற்றில் ஈயம் ஏற்றுவதும், சீட்டில் குறியிடுவதும், மூன்று சீட்டுகளை மாற்றி மாற்றிக் கவிழ்த்து 'ராணி எங்கே?' என்று சந்தைக்கு வந்தவரை ஏய்ப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவை. மற்றொன்று, விதிக்கு உட்பட்டே செய்வது. கையில் ஒன்றும் இல்லாதவன், எல்லாம் இருப்பவனைப் போலப் பெரிய பந்தயம் கட்டுகிறான். நல்ல சீட்டு வைத்திருப்பவன் அஞ்சி விலகுகிறான். போக்கர் ஆட்டத்தில் இதனை 'பிளஃப்' என்பர். நாம் பொய்ப் பந்தயம் எனலாம்.

முதல் வகை வஞ்சனையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அதற்குச் சான்று மைசூரிலேயே இருக்கிறது. ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பணிபுரியும் தமிழன்பர்கள் நகருக்குள் சில கல் தொலைவு சென்றால், கீழ்த்திசை ஆய்வு நிலையத்தைக் காணலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர், கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றை இங்கே ஒப்படைத்தார். அப்பொழுது நூலகராக இருந்த ஆர். சாமசாஸ்திரி அதனை ஆராய்ந்து 1909-இல் அச்சிட்டார். அதுவே கௌடிலியரின் அர்த்தசாத்திரம். மறைந்துபோனதாகக் கருதப்பட்ட அந்நூலைக் காத்துத் தந்தது தமிழ்நாட்டுச் சுவடி என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

கௌடிலியர் சூதை ஒழிக்க முயலவில்லை. அதனைக் கண்காணிப்பில் வைத்தார். சூதுக்கென்று ஓர் அதிகாரி உண்டு. குறித்த இடத்தில்தான் ஆட வேண்டும். வேறிடத்தில் ஆடினால் 12 பணம் தண்டம். கவறுகளை அந்த அதிகாரியே தருவார். வென்ற தொகையில் நூற்றுக்கு ஐந்து அரசுக்குச் சேரும். கள்ளக் கவறு இட்டவனுக்கும், கையால் வித்தை செய்தவனுக்கும் தண்டனை உண்டு. ஆனால் பந்தயத்தின் அளவைக் கொண்டே எதிராளியை ஏமாற்றுவதைப் பற்றி அங்கே பேச்சில்லை. கவறு எல்லார் கண்முன்னும் விழுகிறது. அதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

சீட்டுக்கட்டு வந்த பிறகே மறைவு வந்தது. எனினும் எல்லாச் சீட்டாட்டமும் பொய்ப் பந்தயத்திற்கு இடம் தருவதில்லை. மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் சீட்டாட்டப் பிரியர். 1831-இல் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட பின், அவர் கலைகளிலும் நூல்களிலும் மனத்தைச் செலுத்தினார். அவர் ஆதரவில் உருவான ஸ்ரீதத்துவநிதியின் ஒன்பதாம் பகுதியாகிய கௌதுகநிதி, 36 சீட்டு முதல் 360 சீட்டு வரை கொண்ட பல ஆட்டங்களை விவரிக்கிறது. 'சத்' என்று வழங்கிய இந்தக் கஞ்சிபா வகை ஆட்டங்களில் பெரிய சீட்டு சிறியதை வெல்லும். இறங்கிய சீட்டுகளை நினைவில் வைத்திருப்பவனே வல்லவன்.

போக்கரின் பிறப்பிடம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் வட்டாரத்தில் உருப்பெற்று, மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகளின் வழியே அது பரவியது. முதலில் 20 சீட்டுகள்; பின்னர் 52. எல்லாரும் விலகிவிட்டால், எஞ்சியவன் தன் சீட்டைக் காட்டாமலே பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் உயிர்நிலை. வட இந்தியாவில் தீபாவளி இரவுகளில் ஆடப்படும் 'தீன் பத்தி'யும், ஆங்கிலேயரின் 'பிராக்' என்னும் ஆட்டத்தின் வழிவந்த உறவினமே.

பொய்ப் பந்தயம் முகபாவத்தின் வித்தை என்று நெடுங்காலம் எண்ணினர். அது கணக்கு என்று காட்டியவர் ஹங்கேரியில் பிறந்த ஜான் வான் நாய்மன். 1928-இல் ஆட்டங்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்ட அவர், 1944-இல் மார்கன்ஸ்டெர்னுடன் எழுதிய நூலில் போக்கரையே எடுத்து ஆராய்ந்தார். அதன் சாரத்தைப் புளியங்கொட்டை வைத்துச் சொல்லலாம்.

நடுவில் 100 கொட்டை இருக்கிறது. நான் மேலும் 100 கட்டுகிறேன். நீங்கள் 100 கட்டிச் சீட்டைக் காட்டச் சொன்னால், வென்றால் 200 லாபம். தோற்றால் 100 நட்டம். நான் எப்பொழுதும் நல்ல சீட்டுக்கே பந்தயம் கட்டுபவன் என்றால் நீங்கள் விலகிவிடுவீர்கள். என் நல்ல சீட்டுக்கு ஊதியமில்லை. நான் அடிக்கடி பொய் கட்டுபவன் என்றால் விடாமல் காட்டச் சொல்லி என்னை ஒழித்துவிடுவீர்கள். மூன்று பந்தயத்தில் ஒன்று பொய் என்று நான் வைத்துக்கொண்டால், இரு முறை 100 இழந்து ஒரு முறை 200 பெறுவீர்கள். காட்டச் சொன்னாலும் விலகினாலும் உங்களுக்கு ஒன்றே. அந்தப் பொய்யையும் மிக மோசமான சீட்டில்தான் சொல்ல வேண்டும். நடுத்தரச் சீட்டு பந்தயம் ஏற்றாமலே சில வேளை வெல்லக்கூடியது அன்றோ?

2017-இல் 'லிப்ரேட்டஸ்' என்னும் கணினி நிரல், தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை 1,20,000 ஆட்டங்கள் கொண்ட போட்டியில் வென்றது. அதற்கு முகமில்லை, நடிப்பில்லை. ஆயினும் அளவறிந்து பொய் கட்டியது.

இந்தக் கணக்கைத் திறமை என்பதா, சூது என்பதா? நம் நீதிமன்றங்கள் ஒருமனமாக இருந்ததில்லை. 1968-இல் உச்ச நீதிமன்றம், ரம்மியில் திறமை மேலோங்குகிறது என்றும், மூன்று சீட்டு ஆட்டம் முழுவதும் அதிர்ஷ்டமே என்றும் கூறியது. போக்கரைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-இல் திறமையின் பக்கம் வைத்தது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-இல் சூதின் பக்கம் வைத்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டின் தடைச் சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும் விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் இணையவழிப் பண ஆட்டங்களைத் தடைசெய்தது.

திறமை உண்டென்றே ஒப்புவோம். ஆயினும் அந்தக் கணக்கு பல்லாயிரம் ஆட்டங்களில் பலிப்பது. ஒரு மாதச் சம்பளத்தோடு உட்காருபவன் அதுவரை தாக்குப்பிடிக்க மாட்டான். மேலும், ஆட்டம் நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொண்டே இருப்பார். நூற்றுக்கு ஐந்து என்ற கௌடிலியரின் விகிதத்தில், தொகை முழுவதும் பதினான்கு முறை கைமாறினால், பாதிக்கு மேல் அவரிடம் போய்விடும். வள்ளுவர் சூது அதிகாரத்தில் தோல்வியை மட்டுமன்றி வெற்றியையும் கண்டித்தது ஏன் என்பது இங்கே விளங்கும்.

பொய்ப் பந்தயம் எதிராளியின் அச்சத்தை மூலதனமாகக் கொண்டது. ஊரில் தாயாருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை நடுவில் வைத்தவனுடைய அச்சம் மெய்யானது. அதனை எந்த முகபாவமும் மறைக்காது. வேலை முடிந்த மாலையில் நண்பர்களோடு அறையில் ஆட விரும்பினால், புளியங்கொட்டையை வைத்து ஆடுங்கள். கணக்கும் கற்கலாம், களிப்பும் குறையாது. சம்பளமும் முழுமையாக ஊர் போய்ச் சேரும்.