மனித உரிமைப் பணியில் திறந்தமூலப் புலனாய்வு

யாரும் சட்டப்படி பார்க்கக்கூடிய தகவல்களைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நடந்ததை நிறுவும் முறை திறந்தமூலப் புலனாய்வு எனப்படுகிறது. சமூக ஊடகக் காணொளி, செயற்கைக்கோள் படம், நிலப் பதிவேடு, நீதிமன்ற ஆவணம், பழைய செய்தித்தாள் எல்லாம் இதற்குப் பயன்படுகின்றன. போர்க்காலத்தில் அரசுகள் வளர்த்த இந்தக் கலை, கடந்த 20 ஆண்டுகளில் மனித உரிமை அமைப்புகளின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. செல்பேசியும் இணையமும் மலிவானதால் இது நடந்தது என்பது பாதி உண்மை. முடிவுக்கு வந்த வழியைப் படிப்படியாக வெளியிட்டு, எதிர்த்தரப்பும் சரிபார்க்க இடம் கொடுத்த பழக்கமே இம்முறைக்கு மதிப்பைத் தேடித் தந்தது.

இதன் வேர் வானொலியில் இருக்கிறது. எதிரி நாட்டு ஒலிபரப்புகளைக் கேட்டுக் குறிப்பெடுக்க பிபிசி 1939இல் ஒரு பிரிவைத் தொடங்கியது. அமெரிக்க அரசு 1941இல் அதே வேலைக்கு ஓர் அலுவலகம் திறந்தது. அங்கே மூலம் பொதுவெளியில் கிடைத்தாலும் ஆய்வு அரசின் தேவைக்காகவே நடந்தது. 1991இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவலர்கள் ரோட்னி கிங்கை அடித்ததை அக்கம்பக்கத்தவர் ஒருவர் படம்பிடித்தபோது, குடிமக்களின் கேமரா அரசையே கேள்வி கேட்க முடியும் என்பது உலகுக்குத் தெரிந்தது. மறு ஆண்டே இசைக்கலைஞர் பீட்டர் கேப்ரியலின் முயற்சியில் ‘விட்னஸ்’ அமைப்பு உருவாகி, உரிமைப் போராளிகளுக்குக் கேமராவும் பயிற்சியும் வழங்கியது. 2007இல் அம்னெஸ்டி இன்டர்நேஷனல், சூடானின் டார்ஃபூர் கிராமங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது.

தமிழர்களுக்கு இந்த வரலாறு நெருக்கமானது. 2009 மே மாதம், இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில், வன்னியில் மக்கள் அடைபட்டிருந்த கடற்கரைப் பகுதிக்குள் வெளியார் எவரும் நுழைய முடியாத நிலையில், அம்னெஸ்டியும் ஹியூமன் ரைட்ஸ் வாட்சும் கேட்டுக்கொண்டதன் பேரில் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் அப்பகுதியின் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தது. மே 6ஆம் தேதிப் படத்தையும் மே 10ஆம் தேதிப் படத்தையும் ஒப்பிட்டபோது தற்காலிகக் குடில்கள் பெருமளவில் இல்லாமல் போயிருந்ததும் குண்டு விழுந்த குழிகளும் தெரிந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், நாடு கடந்து வாழ்ந்த இலங்கை ஊடகவியலாளர் அமைப்பொன்று பெற்றுத் தந்த காணொளியை பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பியது. கைகள் கட்டப்பட்டவர்களைச் சீருடை அணிந்தோர் சுடுவது அதில் பதிவாகியிருந்தது. அது போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் தடயக் காணொளி, உடற்கூறு, துப்பாக்கி ஆகிய மூன்று துறை வல்லுநர்களிடம் அதைக் கொடுத்து, உண்மையானதாகவே தோன்றுகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். பதிவில் இருந்த தேதி போன்ற சில கூறுகளுக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அவர் முடிவு பலவீனப்படவில்லை; சுயேச்சையான விசாரணை வேண்டும் என்ற அவருடைய கோரிக்கைக்கு அதுவே வலுச் சேர்த்தது.

2014இல் எலியட் ஹிக்கின்ஸ் ‘பெல்லிங்கேட்’ என்ற திறந்தமூலப் புலனாய்வுக் குழுவைத் தொடங்கினார். சிரியப் போரின் காணொளிகளைப் பாதுகாக்க ‘சிரியன் ஆர்க்கைவ்’ உருவானதும் அதே ஆண்டுதான். முறை எவ்வளவு நுட்பமாக முதிர்ந்தது என்பதை 2018இல் கேமரூன் காட்டியது. இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் வீரர்கள் சுட்டுக் கொல்லும் காணொளி ஒன்று பரவியது. பொய்ச் செய்தி என்று அரசு ஒதுக்கியது. வீரர் ஒருவர் கையிலிருந்த செர்பியத் தயாரிப்புத் துப்பாக்கி கேமரூன் படையின் சில பிரிவுகளில் புழங்குவது என்று அம்னெஸ்டி அடையாளம் கண்டது. பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழு, பின்னணியில் தெரிந்த மலைமுகட்டின் வடிவத்தை நிலப்படத்தோடு பொருத்தி, இடம் நாட்டின் வடகோடியிலுள்ள செலவெட் ஊருக்கு அருகே என்று கண்டது. படத்தில் தெரிந்த கட்டடங்கள் எப்போது இருந்தன, எப்போது இடிக்கப்பட்டன என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் சொல்லின. நடந்து சென்ற வீரர்களின் நிழல் சூரியனின் கோணத்தைச் சொன்னது. காலம் 2015 மார்ச் இறுதிக்கும் ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடையில் என்று குறுகியது. 2020இல் இராணுவ நீதிமன்றம் நான்கு வீரர்களுக்குத் தலா 10 ஆண்டுச் சிறை விதித்தது.

ஒரு கோரிக்கைக்காகப் போராடும் அமைப்பே புலனாய்வாளராகவும் இருக்கலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. சார்பு உள்ளவருக்குத் தமக்குச் சாதகமான படமே முதலில் கண்ணில் படும். ஆனால் கேமரூன் ஆய்வை நம்ப அம்னெஸ்டியின் நல்லெண்ணத்தை நம்ப வேண்டியதில்லை. மலையை யாரும் பார்த்துக்கொள்ளலாம். சார்பற்றவர் என்ற உரிமை கோரலைவிட, மறுபரிசோதனைக்கு உட்படும் சான்றுக்கே மதிப்பு அதிகம். அந்தக் கட்டுப்பாடு இல்லாதபோது விளைவது 2013 பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்ததுதான்: இணையக் கூட்டம் தொடர்பே இல்லாத ஒரு மாணவரைக் குற்றவாளியாக்கியது. செயற்கை நுண்ணறிவு வந்தபின் காணொளியை நம்ப முடியுமா என்பது இன்னோர் ஆட்சேபம். போலி என்ற மறுப்பு 2009இலும் 2018இலும் எழுந்ததுதான். ஒரே காணொளியை மட்டும் நம்பாமல் நிலம், நிழல், ஆயுதம், சாட்சி ஆகியவற்றோடு ஒத்துப்பார்ப்பதே அன்றும் இன்றும் அதற்குப் பதில். கேமரா எட்டாத இடங்களில் நடந்தவை பதிவாகாமலே போகும் என்பது இம்முறையின் உண்மையான குறை. பூட்டிய அறையில் நடந்த வதையையும் பாலியல் வன்முறையையும் செயற்கைக்கோள் காணாது. ஆகவே இது பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலத்துக்குத் துணையாகலாமே தவிர, மாற்றாகாது.

நீதிமன்றங்களும் இப்போது செவிசாய்க்கின்றன. லிபியத் தளபதி மஹ்மூத் அல்-வெர்ஃபல்லிக்கு எதிராகப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2017இல் பிறப்பித்த பிடியாணை பெரிதும் காணொளிகளையே ஆதாரமாகக் கொண்டது. ஆனால் அதே ஆண்டு யூடியூப்பின் தானியங்கி நீக்கத்தால் சிரியப் போரின் சான்றுகள் பல மறைந்தன. 2020 டிசம்பரில் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறை, சேகரிப்பு, பாதுகாப்பு, சாட்சிகளின் நலன் ஆகியவற்றுக்கு வரையறை தந்தது. இத்துறையில் இறங்கும் எந்தச் சிறு அமைப்பும் முதலில் பழக வேண்டியவை மூன்று: மூலப் பதிவை மாற்றாமல் சேமிப்பது, ஆய்வின் ஒவ்வொரு படியையும் எழுதி வைப்பது, படம் எடுத்தவரின் உயிருக்கு ஆபத்து என்றால் வெளியிடாமல் காப்பது. இவற்றைக் கைவிட்டால் கிடைப்பது பிரசாரம் மட்டுமே. நீதி கேட்பவர்களுக்கு அது போதாது.