டாக்ஸி ரேடியோவின் இரண்டாம் பிறவி

மென்பொருள் வேலையில் ‘லெகசி’ என்று ஒரு வார்த்தை உண்டு. பழசு, ஆனா ஓடுது, யாரும் தொடாதீங்க என்று அர்த்தம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்க டாக்ஸிகளின் டிக்கியில் இருந்த ரேடியோக்கள் ஞாபகம் வரும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே போலீஸும் டாக்ஸி கம்பெனிகளும் மோட்டரோலா, ஜெனரல் எலக்ட்ரிக் எஃப்.எம். செட்டுகளை வண்டிகளில் பொருத்தின. அலைவரிசையில் நெரிசல் கூடியது. ஒவ்வொரு செட்டும் 15 கிலோஹெர்ட்ஸ் விலகிப் பேசியது போதும், இனி 5தான் என்றது எஃப்.சி.சி. 1960களில் பழைய செட்டுகள் கழிவிலைக்கு வந்தன. ஹாம்கள் அள்ளிக்கொண்டார்கள். கிரிஸ்டலை மாற்றி, சுருள்களைத் திருகிச் சரிசெய்தால் 2 மீட்டர் அலைவரிசைக்கு வந்துவிடும்.

ஆனால் வண்டியிலிருந்து பேசினால் நடுவில் ஒரு மலை வந்தாலே பேச்சு நின்றுபோகும். அதே செட்டை மலையுச்சியில் ரிப்பீட்டராக வைத்தால்? கேட்டதை அப்படியே வேறு அலைவரிசையில் திருப்பிச் சொல்லும்.

சிக்கல் இங்கேதான். வண்டி செட் ஒன்று கேட்கும், இல்லையென்றால் பேசும். ரிப்பீட்டர் இரண்டையும் ஒரே நேரத்தில், வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் செய்யவேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 வாட்டில் கத்திக்கொண்டே கால் மைக்ரோவோல்ட் முணுமுணுப்பைக் கேட்பதென்றால், இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் இருபதாயிரம் லட்சம் கோடி மடங்கு!

எனவே ஆன்டெனா ரிலேயைக் கழற்றினார்கள். ரிசீவரையும் டிரான்ஸ்மிட்டரையும் பிரித்துத் தனித்தனி உலோகப் பெட்டிகளில் அடைத்தார்கள். ஒரே ஆன்டெனாவை இரண்டும் பகிர்ந்துகொள்ள, ‘டூப்ளெக்ஸர்’ என்ற உயரமான உலோக உருளைகளை நடுவில் வைத்தார்கள். சிக்னல் வந்ததும் டிரான்ஸ்மிட்டரை எழுப்ப ஒரு ரிலே. அரை நிமிடம் பேசுவதற்காகச் செய்த டிரான்ஸ்மிட்டர் மணிக்கணக்கில் பேசினால் வெந்துபோகும், ஆகவே பவரைக் குறைத்து ஒரு மின்விசிறி.

1972இல் எஃப்.சி.சி. ரிப்பீட்டர்களுக்கென்றே விதிகள் வகுத்து, டபிள்யூ.ஆர். என்று தொடங்கும் அழைப்புக்குறிகளையும் கொடுத்தது. கையடக்க செட் வைத்திருப்பவரின் குரலும் மலை தாண்டியது. புயல் நாட்களில் அது சின்ன விஷயமில்லை.

இதெல்லாம் நடந்ததற்குக் காரணம், மெக்கானிக்குக்காக அச்சிட்ட சர்வீஸ் புத்தகத்தில் ஒவ்வொரு சுருளும், எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் என்பதும் இருந்தது. இன்றைய செட்டில் அந்த வேலையைச் செய்வது, பூட்டிய மென்பொருள். அந்தப் பூட்டைப் போடுவது என்னைப் போன்றவர்கள். நாம் கழித்துப்போடும் பெட்டியை நாளைக்கு ஒருத்தர் திறந்து பார்க்க என்ன விட்டுவைக்கிறோம்?