கடுதாசியை முதலில் பிரிப்பவர்

கொழும்பிலிருந்து கண்டிக்குக் குதிரை வண்டியில் தபால் வரத் தொடங்கியது 1832இல். ஆசியாவின் முதல் தபால் வண்டிச் சேவை என்று அதைச் சொல்வார்கள். 1815இல் கண்டி இராச்சியம் விழுந்து, 1818 கிளர்ச்சியும் அடக்கப்பட்ட பிறகு, மலைநாட்டைக் கைக்குள் வைத்துக்கொள்ள வெள்ளைக்காரனுக்கு ஒரு பாதை வேண்டியிருந்தது. கடுகண்ணாவை மலையைக் குடைந்து அதைப் போட்டான். அந்தப் பாதையில் பட்டாளம் வந்தது, பின்னாலேயே தபாலும் வந்தது. அதிகாரிகளுக்கும் கோப்பித் தோட்டத் துரைமாருக்கும் வந்த கடிதங்கள் அரக்கு முத்திரையோடு வந்தன. 1867இல் ரயில் கண்டியை எட்டியது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். நான் பிறந்த தொழிலாளர் லயம் அந்த மலைத்தொடரில்தான், கலஹாவுக்கு மேலே இருக்கிறது.

அந்தத் தேயிலைக்காக இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தவர்களையே பொதி போல விலாசமிட்டு அனுப்பினார்கள். 1901இல் தகர டிக்கட் முறை வந்தது. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம். இரண்டும் அடித்த சிறு தகர வில்லையைத் தொழிலாளியிடம் கொடுத்துவிட்டால், வழியில் இருக்கும் எந்த அதிகாரியும் பெயர் கேட்காமலே அவரை அந்தத் தோட்டத்துக்கு ஏற்றிவிடலாம். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். அதற்கு முன்பிருந்தே ‘துண்டு’ இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டம் போகிறவரின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அவரைப் பற்றிய எழுத்து, பெரும்பாலும் அவரால் படிக்க முடியாத எழுத்து. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

இதையெல்லாம் இங்கே எடுத்து வைக்க ஒரு காரணம் உண்டு. கைத்தொலைபேசி, தனிப்பட்ட தகவல், அந்தரங்கம் என்று இப்போது பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. அந்தரங்கம் என்பது படித்தவர்களின், பட்டணத்துக்காரர்களின் புதுக்கவலை என்று சிலர் பேசுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தன் செய்தி தன் கைக்கு வருமுன் இன்னொருவர் கையில் பிரிபடுவது எப்படி இருக்கும் என்று இந்த நாட்டில் மலையகத்தானைவிட அதிகம் தெரிந்தவர் இல்லை.

என் அப்பா தோட்டத்துத் தபால்காரர். அரசாங்கத் தபால்காரர் அல்லர். தோட்டச் செக்ரோல் பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளி. காலையில் தோல்பையை எடுத்துக்கொண்டு கலஹா தபால் கந்தோருக்கு இறங்குவார், பகலுக்குள் ஆபிசுக்கு ஏறிவிடுவார். பைக்குப் பூட்டு உண்டு. ஒரு சாவி தபால் கந்தோரில், இன்னொன்று ஆபிசில். சுமந்தவருக்குச் சாவி கிடையாது. துரையின் கடிதங்கள் தனியாகப் போகும். மற்றதையெல்லாம் கிளாக்கர் ஐயா மேசையில் கொட்டுவார். லயத்துக்கு இலக்கம் இல்லை, அதிலுள்ள காம்பராவுக்கும் இலக்கம் இல்லை. பெயர், டிவிசன், தோட்டம், கலஹா. விலாசம் அவ்வளவுதான். ஒரே டிவிசனில் நான்கு இராமசாமி இருந்தால் எந்த இராமசாமி என்று தெரிந்துகொள்ளக் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பது நியாயமான காரணமாகவே ஆபிசில் பேசப்பட்டது. மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, “உன் தம்பிக்குப் பெண் பார்த்துட்டாங்களாம்” என்று செய்தியும் கூடவே வரும். சனங்கள் சிரித்துக்கொண்டே கடுதாசியை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தச் சிரிப்பில் எவ்வளவு கூச்சம் இருந்தது என்று அப்பாவுக்குத் தெரியும்.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்தன. அதன் பிறகு கடிதம் என்பது உயிர் விஷயமாகிவிட்டது. கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்திலிருந்து பாஸ்போட் செய்தி வர வேண்டும். முன்னால் போனவர்கள் கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் எழுத வேண்டும். யார் விண்ணப்பித்தார், யார் போகப் போகிறார், யார் ஒளிந்து இருக்க நினைக்கிறார் என்பதெல்லாம் ஆபிஸ் மேசைக்கு முதலில் தெரிந்தது. அதனால் சனங்கள் எழுதும் முறையையே மாற்றிக்கொண்டார்கள். எங்கள் சித்தப்பா கோத்தகிரியிலிருந்து எழுதும் கடிதங்களில் ‘இங்கே மழை பரவாயில்லை’ என்றிருந்தால் வேலை கிடைத்திருக்கிறது என்று பொருள். ‘ஆயாவுக்கு இருமல் குறையவில்லை’ என்றால் வராதே என்று பொருள். ஆயா செத்து வருடங்கள் ஆகியிருந்தன.

இன்னொரு வழியும் இருந்தது. கடைத்தெரு விலாசம். தொழிற்சங்கத்துக்காரர்கள் தொடங்கி வைத்த வழக்கம் என்பார் அப்பா. தோட்ட ஆபிசுக்குத் தெரியக்கூடாத கடிதங்களைக் கலஹா கடைவீதியில் ஒரு முதலாளியின் மேற்பார்வையில் என்று விலாசம் எழுதி வரவழைப்பார்கள். எங்கள் குடும்பத்துக் கடிதங்களை வாங்கி வைத்தவர் ஒரு முஸ்லிம் கடைக்காரர். அரிசிக் கணக்குக் கொப்பிக்குள் வைத்திருந்து, சம்பளச் சனிக்கிழமை சாமான் வாங்கப் போகும்போது மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுப்பார். அவருக்கு எங்கள் கடன் எவ்வளவு என்று தெரியும். கடிதத்தில் என்ன இருந்தது என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவர் ஒருநாளும் முயன்றதில்லை.

1908ஆம் ஆண்டின் தபால் கட்டளைச் சட்டம் அப்போதும் இருந்தது, இன்றும் இருக்கிறது. தபால் ஊழியர் அடுத்தவர் கடிதத்தைப் பிரித்தால் குற்றம். ஆனால் பை ஆபிஸ் வாசலைத் தாண்டிய பிறகு அந்தச் சட்டத்தை யாரும் எங்கள் பக்கம் கொண்டுவரவில்லை.

1977க்குப் பிறகு பெண்கள் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கினார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டமே வந்துவிட்டது. எழுதத் தெரியாத அக்காமார் கெசட் நாடாவில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆபிஸ் மேசையைத் தாண்டி வந்த முதல் செய்தி அந்தக் கெசட்தான். ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, தடுப்புச் சுவர் கூரை வரை போகாது, கெசட் போடும் ரேடியோ லயத்துக்கு ஒன்று. வேலை செய்கிற வீட்டின் எசமான் அடிக்கிறான் என்று குவைத்தில் ஒருத்தி அழுதது இருபது குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் கேட்டது.

தொண்ணூறுகளில் நான் கலஹாவில் ஒரு கொமியுனிகேஷன் கடை போட்டேன். வயது குறைந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டும். ஒரு போட்டோக்கொப்பி இயந்திரம், ஒரு பெக்ஸ், பிளைவூட் அடித்த சிறு கூண்டு, அதற்குள் ஒரு டெலிபோன், வெளியே என் மேசையில் நிமிடக் கணக்குக் காட்டும் மீற்றர். ஐடிடி அழைப்புக்கு நிமிடத்துக்கு நூறு ரூபாவும் அதற்கு மேலும் போன காலம். காசு ஓடுகிறதே என்ற பதற்றத்தில் சனங்கள் கத்தித்தான் பேசுவார்கள். கூண்டு மறைத்தது முகத்தை மட்டும். பெண்ணின் சம்பளம், மருமகனின் குடி, அடகு வைத்த நகை, கலைந்த பிள்ளை எல்லாம் என் காதில் விழுந்தன. மறுமுனையில் மகள் வேலை செய்யும் வீட்டு எசமானியும் இன்னொரு ரிசீவரில் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று பேச வந்த தாய்மாருக்குத் தெரியும். கூண்டுக் கதவு சாத்தியதும் நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன். வெளியே காத்திருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது. அந்தத் தொழிலில் அந்தரங்கத்தைக் காத்தது சட்டம் அல்ல, கடைக்காரரின் மரியாதை. அது இருந்த கடையும் உண்டு, இல்லாத கடையும் உண்டு.

அது யுத்த காலம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து அரசாங்கத்தின் கையில் இருந்தது. பாதுகாப்புத் தரப்பிலிருந்து இரண்டு பேர் வந்து, யார் யார் எந்த இலக்கத்துக்குப் பேசினார்கள் என்று என் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். நான் இலக்கத்தையும் காசையும்தான் எழுதியிருந்தேன், பெயர் எழுதவில்லை. அதற்குப் பிறகும் எழுதவில்லை.

பிறகு கைத்தொலைபேசி வந்தது. என் கடையை அது மூடிவிட்டது. அதற்காக நான் வருந்தவில்லை. ஒரு பிள்ளை பாறை மேல் ஏறி நின்று, சிக்னல் பிடித்து, தனக்குப் பிடித்தவனோடு தன் குரலைத் தாழ்த்திப் பேசியதை இந்த மலை அதற்கு முன் பார்த்ததில்லை. கிளாக்கரும் கங்காணியும் கடைக்காரரும் இல்லாமல் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்வது. நூற்றைம்பது வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலைகளில் அதையும் சேர்த்துத்தான் எண்ணுவேன்.

அது நீடித்த காலம் கொஞ்சம். அடையாள அட்டை இல்லாதவர்கள் மச்சான் பெயரிலும் கடைக்காரர் பெயரிலும் சிம் வாங்கினார்கள். ஒரு பிரச்சினை என்றால் அந்த இலக்கம் யாருடையது என்றே நிறுவ முடியாமல் போனது. போன் உடைந்தால் திருத்தும் கடையில் பூட்டு இலக்கத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அப்படிக் கொடுத்த போனிலிருந்து குடும்பப் படங்கள் வெளியே போன கதைகளைப் பத்திரிகையில் படிக்கிறோம். போனில் கடன் கொடுக்கும் செயலி, முதலில் கேட்பது தொடர்பு இலக்கங்களைப் பார்க்க அனுமதி. தவணை தவறினால் அக்காவுக்கும் பாடசாலை ஆசிரியருக்கும் அழைப்பு போகிறது. பிரட்டுக்களத்தில் கடனைச் சத்தம்போட்டுச் சொல்லும் பழைய வேலையேதான்.

2018 மார்ச்சைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறி ஓட்டுநர் இறந்துபோனதை வைத்து, திகன முதல் கண்டி மாவட்டத்தின் பல ஊர்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. திகன கடைவீதியில் ஒருவர் நடந்துபோய், எந்தக் கடை யாருடையது, சிங்களக் கடை எத்தனை என்று எண்ணிக் காட்டிய வீடியோ போனுக்குப் போன் போனது. பெயர்ப்பலகை எல்லோருக்கும் பொதுவானதுதான், ஆனால் அதைத் தாக்குதல் பட்டியலாக்கிக் கையில் கொடுப்பது வேறு வேலை. மார்ச் 6இல் அவசர நிலை, 7இல் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கம். பேஸ்புக் மறுபடி திறக்க 15 ஆனது. ஊரடங்கில் பிள்ளை எங்கே மாட்டிக்கொண்டது என்று தெரியாமல் துடித்த தாய்க்கும், கல்லெறியச் சொல்லி அனுப்பியவனுக்கும் ஒரே பூட்டு. பேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில். சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பைப் படித்து நீக்கப் போதிய ஆட்களை அது வைத்திருக்கவில்லை. எங்கள் கடுதாசிகளைப் பிரிக்காமல் வைத்துக் கொடுத்தவரைப் போன்ற கடைக்காரர்களின் கடைகள் எரிந்ததை நான் வீட்டுக்குள்ளிருந்து அறிந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கத்துக்கென்று தனி உறுப்புரை இல்லை. தகவல் அறியும் உரிமையை 2015இல் சேர்த்தார்கள், இதைச் சேர்க்கவில்லை. 2022இல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லித்தான் ஒருவரின் விவரத்தை எடுக்க வேண்டும், சொன்ன காரியத்துக்கு மட்டும் பாவிக்க வேண்டும். ஆனால் அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரும் என்றிருந்ததைத் தள்ளிப்போட்டார்கள். விவரம் எடுப்பதை மட்டும் யாரும் தள்ளிப்போடவில்லை. 2022இல் எரிபொருள் கியூஆர் அட்டை, 2023இல் அஸ்வெசும நிவாரணப் பதிவு. இப்போது இந்திய உதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டை வருகிறது. முகம், விரல் ரேகை, கண்ணின் கருவிழி மூன்றையும் எடுப்பார்கள்.

அட்டையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அட்டை இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பட்டவர்கள் நாங்கள். 1948இல் பறித்த குடியுரிமையின் மிச்சத்தைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. என் கவலை படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் மேசையைப் பற்றியது. தோட்டத்தில் அது இன்றைக்கும் இன்னொருவரின் மேசைதான். அங்கே சொல்லப்படுகிற சம்பளம், நோய், கடன் எல்லாவற்றையும் பின்னால் வரிசையில் நிற்பவரும் கேட்கிறார்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களே, கருவிழியைப் பதிவதற்கு முன் ஒவ்வொரு காம்பராவுக்கும் இலக்கம் போட்டு, வீதிக்குப் பெயர் வைத்து, அரசாங்கத் தபால்காரர் வாசலுக்கு வந்து கடிதம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பதிவு மேசையில் உட்காரப்போகும் தம்பி, தங்கச்சிகளே, வருகிறவரை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுங்கள். என்ன விவரம் எடுக்கிறீர்கள், எதற்கு எடுக்கிறீர்கள் என்று தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு கேளுங்கள்.