டொராண்டோ மேயர் இடைத்தேர்தல், 2023

கனடாவின் மிகப் பெரிய நகரமான டொராண்டோவின் மேயர் பதவிக்கு 2023 ஜூன் 26 அன்று நடந்த இடைத்தேர்தல். 1998இல் ஆறு உள்ளாட்சிகள் இணைந்து இன்றைய நகரம் உருவானபின், மேயர் பதவிக்கு இடைத்தேர்தல் வந்தது இதுவே முதல்முறை. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒலிவியா சாவ் வென்றார்.

2022 அக்டோபரில் மூன்றாம் முறையாக வென்றிருந்த ஜான் டோரி நான்கு மாதம்கூட நிலைக்கவில்லை. தம் அலுவலகத்தின் முன்னாள் ஊழியர் ஒருவருடன் அவருக்கு இருந்த உறவை ‘டொராண்டோ ஸ்டார்’ நாளிதழ் வெளிக்கொண்டுவர, பிப்ரவரி 10 இரவே விலகுவதாக அறிவித்தார். ஆயினும் நகர பட்ஜெட் நிறைவேறும்வரை இருந்து, 17ஆம் தேதிதான் வெளியேறினார். துணை மேயர் ஜெனிஃபர் மெக்கெல்வி பொறுப்பைக் கவனித்துக்கொண்டார்.

நகர மன்றமே ஒருவரை நியமித்துவிடும் வழி அப்போது அடைபட்டிருந்தது. டொராண்டோ, ஒட்டாவா மேயர்களின் அதிகாரத்தை உயர்த்தி ஒன்டாரியோ மாகாண அரசு 2022இல் கொண்டுவந்த சட்டம், பதவி காலியானால் மக்களிடமே போக வேண்டும் என்றது. பொதுத்தேர்தல் நெருங்கிய காலத்துக்கு மட்டும் விலக்கு. மாகாணம் முக்கியமெனக் கருதும் விஷயங்களில், மன்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோரின் ஆதரவோடே மேயர் துணைவிதி இயற்றலாம் என்ற ஏற்பாடும் அதே ஆண்டு வந்தது. இந்த அதிகாரத்தைத் தொடுவதில்லை என்று சாவ் வாக்குறுதி அளித்தார்.

போட்டியிட்டவர்கள் 102 பேர். வேட்புமனுவுக்கு 25 வாக்காளர்களின் கையொப்பமும் சிறு கட்டணமும் போதும். குளிர்காலச் சாலைகளில் உப்பை அளவுக்கு மீறிக் கொட்டுவது விலங்குகளின் பாதங்களைப் புண்ணாக்குகிறது என்று சொல்லி, தம் நாய் மோலியின் பெயரில் ஒருவர் வாக்குக் கேட்டார். உலகப் பத்திரிகைகள் இதைத்தான் பெரிதாக எழுதின. களம் திருவிழாவாகத் தெரிந்தாலும் உண்மையான போட்டி இருவருக்குள்தான் முடிந்தது.

சாவ் ஹாங்காங்கில் பிறந்து 13 வயதில் கனடா வந்தவர். புதிய ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்து 2011இல் மறைந்த ஜாக் லேட்டனின் மனைவி. 2014 மேயர் தேர்தலில் டோரி முதலிடம், டக் ஃபோர்டு இரண்டாமிடம், சாவ் மூன்றாமிடம். ஒன்பது ஆண்டுகளில் ஃபோர்டு மாகாண முதல்வராகியிருந்தார். சாவ் வந்தால் நகரம் பெரும் கேட்டைச் சந்திக்கும் என்று எச்சரித்து, முன்னாள் காவல்துறைத் தலைவர் மார்க் சாண்டர்ஸை ஆதரித்தார். டோரியோ கடைசி நாட்களில் முன்னாள் துணை மேயர் அனா பைலாவோவுக்கு ஆதரவளித்தார். சாவுக்கு எதிரான வாக்குகள் இப்படிப் பிரிந்தன.

முடிவு: சாவ் சுமார் 37%, பைலாவோ 32%, சாண்டர்ஸ் 9 விழுக்காட்டுக்கும் கீழே. இரண்டாம் சுற்று கிடையாது. அதிக வாக்கு பெற்றவரே மேயர். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர்களும் இல்லை. முந்தைய ஆண்டு 30 விழுக்காட்டைத் தொடாத வாக்குப்பதிவு இம்முறை சுமார் 38 ஆக உயர்ந்தது. ஜூலை 12 அன்று பதவியேற்ற சாவ், வெள்ளையர் அல்லாத முதல் டொராண்டோ மேயர்.

பிரசாரத்தில் வாடகை, வீட்டுவசதி, பட்ஜெட் பற்றாக்குறை ஆகியன முன்னின்றன. சொத்துவரி எவ்வளவு உயரும் என்று திரும்பத் திரும்பக் கேட்டும் சாவ் எண்ணைச் சொல்லவில்லை. மிதமாக இருக்கும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். வாக்காளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய எண் அது. 2024 பட்ஜெட்டில் குடியிருப்புகளுக்கான வரி 9.5% உயர்ந்தது, இணைப்புக்குப் பிந்தைய உயர்வுகளில் அதுவே மிக அதிகம்.